பின்னி முடித்த சுவெற்றர் தோளில் நிற்கவில்லையா?

இரண்டு மூன்று மாதம் இருந்து பின்னி, ஓரம் தைத்து, நூல் முனைகளை எல்லாம் உள்ளே ஒளித்து, கண்ணாடி முன்னால் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியவரும்: கழுத்து தோளை விட்டு இறங்குகிறது, அக்குளுக்குக் கீழே துணி குவிகிறது, முன்பக்க விளிம்பு மட்டும் மேலே ஏறி நிற்கிறது. "என்ர கை சரியில்லை" என்று சிலர் ஊசியை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். "எனக்கு ஒண்டும் அளவா வராது" என்று இன்னும் சிலர் உடம்பைக் குறை சொல்வார்கள். சரிவராமல் திருத்தத்துக்கு வரும் உடுப்புகளில் பெரும்பாலானவற்றின் பின்னல் ஒழுங்காகத்தான் இருக்கும். முதல் கண்ணி போடுவதற்கு முன்னால் எடுத்த இரண்டு மூன்று எண்களில்தான் பிழை.

அந்த எண்களில் முதலாவது, 10 செ.மீ. அகலத்துக்குள் உங்கள் கைக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்பது. டி.கே. (டபுள் நிட்டிங்) என்கிற நடுத்தரத் தடிப்பு நூலுக்கு 4 மி.மீ. ஊசியில் 22 கண்ணி என்று பற்றன், அதாவது பின்னற் குறிப்பு, சொல்கிறது. மார்புச் சுற்றளவு 96 செ.மீ. வரவேண்டும், ஆகவே சுற்றிவர 211 கண்ணி. உங்கள் கை கொஞ்சம் தளர்வு, 20 கண்ணிதான் விழுகிறது என்றால், அதே 211 கண்ணியும் 105 செ.மீ.க்கு மேல் போய்விடும். இறுக்கமான கையாக 24 விழுந்தால் 88. பத்து சென்ரிமீற்றருக்குள் இரண்டே கண்ணி வித்தியாசம். உடுப்பில் அது இரண்டு சைஸ். "கிட்டத்தட்ட சரிதானே" என்று விடுகிற இடம் இதுதான்.

இந்த எண்ணைப் பெறத்தான் உடுப்புக்கு முன்னால் அதே நூலில், அதே ஊசியில் ஒரு மாதிரித் துண்டு பின்னுவது. அதைச் சின்னதாகப் பின்னி, ஊசியில் இருக்கும்போதே அளந்துவிட்டு நகர்கிறவர்கள் பலர். ஓரக் கண்ணிகள் எப்போதும் இழுபட்டே இருக்கும், ஊசியும் துணியை விரித்துப் பிடித்திருக்கும். ஆகவே துண்டு குறைந்தது 15 செ.மீ. சதுரமாக இருக்கட்டும். கண்ணிகளை முடித்துக் கழற்றுங்கள். உடுப்பை எப்படித் தோய்ப்பீர்களோ அப்படியே துண்டையும் தோயுங்கள். வாளியில் ஊறப்போடுவீர்கள் என்றால் வாளியில், வொஷிங் மெசினில் போடுவீர்கள் என்றால் மெசினில். காய்ந்து ஒரு நாள் கழிந்த பிறகு நடுவிலுள்ள 10 செ.மீ.யை மட்டும் எண்ணுங்கள். அரைக் கண்ணியையும் விடவேண்டாம். 21½ என்றால் 21½ என்றே எழுதுங்கள். சுற்றாகப் பின்னப்போகிற உடுப்புக்குத் துண்டும் சுற்றாகவே இருக்கவேண்டும். போய்த் திரும்பிப் பின்னும்போது மறுபக்க வரிசை பலருக்குத் தளர்வாகத்தான் விழும்; சுற்றுப் பின்னலில் அந்த வரிசையே இல்லை.

பருத்தி நூல் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. காய்ந்த துண்டின் கீழ் ஓரத்தில் நாலைந்து உடுப்புக் கிளிப்புகளை மாட்டி ஒரு இரவு தொங்கவிட்டு, காலையில் நீளத்தை அளந்து பாருங்கள். பருத்திக்குத் திரும்பிச் சுருங்கும் குணம் குறைவு, பாரம் கூட. அரைக்கைப் பருத்தி ரொப் ஒன்று டி.கே. தடிப்பில் 400 முதல் 500 கிராம் வரை வரும். அந்தப் பாரம் முழுவதையும் தோள் தையலும் பின்கழுத்தும்தான் தூக்குகின்றன. கண்ணாடியில் இடுப்பளவாய் இருந்த ரொப் பின்னேரம் வீடு வந்து சேரும்போது தொடைக்கு இறங்கியிருப்பது இதனால்தான். மூங்கில் விஸ்கோஸ் இன்னும் மோசம்: ஈரத்தில் வலுவிழந்து, தன் பாரத்திலேயே நீளும். இயந்திரத் தோய்ப்புக்கென்று பதப்படுத்திய கம்பளி ஈரத்தில் பயமுறுத்துகிற அளவுக்குப் பெருக்கும். ட்ரையரில் கொஞ்ச நேரம் சுற்றினால் பெரும்பாலும் திரும்பி வரும். அக்ரிலிக்கை நனைத்து விரித்து வடிவமைக்க முடியாது. சூடான அயன் பெட்டி பட்டால் துவண்டு போவது நிரந்தரம்.

ஊசி எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. அம்மம்மா காலத்துப் பெட்டிக்குள் கிடக்கிற ஊசியில் 8 என்று பொறித்திருந்தால் அது பழைய பிரித்தானிய எண், 4 மி.மீ. இணையத்தில் இறக்கிய அமெரிக்கப் பற்றனில் 8 என்றால் 5 மி.மீ. பிரித்தானிய முறையில் எண் கூடக்கூட ஊசி மெல்லிது, அமெரிக்க முறையில் எண் கூடக்கூடத் தடிப்பு. பிரித்தானிய 10ம் அமெரிக்க 3ம் ஒரே ஊசி, 3.25 மி.மீ. பழைய ஊசி கையில் இருந்தால் மில்லிமீற்றர் துளை போட்ட அளவுகோலில் விட்டுப் பார்ப்பதே நம்பிக்கை. கொழும்பு வெக்கையில் கை வியர்க்கும்போது மூங்கில் ஊசியில் நூல் ஒட்டி இழுபடும், கண்ணி இறுகும். உலோக ஊசிக்கு மாறுங்கள், அல்லது கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஃபேனுக்குக் கீழே இருந்து பின்னுங்கள். மாதிரித் துண்டை இரவில் ஏசி அறையிலும் உடுப்பைப் பகல் வெக்கையிலும் பின்னினால் இரண்டும் ஒத்துவராமல் போகக்கூடும்.

இனி உடம்பு அளவு. பலர் மார்பின் முழுச் சுற்றளவை எடுத்து அதற்கான சைஸைப் பின்னுகிறார்கள். மார்பு கொஞ்சம் பெரியவர்களுக்கு இந்த வழியில் மார்பு சரியாக அமையும். தோள், கழுத்து, கைக்குழி மூன்றும் பெரிதாகிவிடும். கழுத்து தோளை விட்டு விழுவதற்கு முதற்காரணம் இது. நாடாவை அக்குளுக்குள் உயர்த்தி, மார்புக்கு மேலே சுற்றிவர எடுக்கிற அளவுதான் எலும்புக்கூட்டின் அளவு. அதோடு 5 செ.மீ. கூட்டி வருவதை உங்கள் சைஸாகக் கொள்ளுங்கள். முழு மார்பு 104, மேல்மார்பு 94 என்றால் 99க்குக் கிட்டிய சைஸ். குறைகிற அகலத்தை முன்பக்கத்தில் மட்டும் கண்ணி கூட்டிப் பெறலாம்.

அகலம் போதும், ஆனால் முன்விளிம்பு மட்டும் தூக்குகிறது என்றால் அங்கே குறைவது நீளம். தோளின் உச்சியிலிருந்து மார்புக்கு மேலாக இடுப்பு வரை ஒரு அளவு. அதே புள்ளியிலிருந்து முதுகுப் பக்கமாக இடுப்பு வரை இன்னொன்று. இரண்டுக்கும் 4 செ.மீ. வித்தியாசம், 10 செ.மீ.க்கு 30 வரிசை உங்கள் கணக்கு என்றால், முன்பக்கத்துக்கு 12 வரிசை கூடுதலாக வேண்டும். அதைக் குறுவரிசையாகப் போடவேண்டும். முன்பக்கத்தை மட்டும் பின்னி, பக்கத் தையலுக்கு 4 செ.மீ. முன்னாலேயே திரும்பிவிடுங்கள், மற்றப் பக்கத்திலும் அப்படியே, அடுத்த சோடியை ஒன்றரை சென்ரிமீற்றர் உள்ளே திருப்புங்கள். ஆறு சோடி போட்டால் 12 வரிசை. மார்பின் உச்சிக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே இது விழவேண்டும், மேலே போனால் பை தொங்கினது மாதிரி இருக்கும். பிளவுஸில் தையற்காரர் பிடிக்கிற டார்ட்டின் வேலையைத்தான் இது செய்கிறது. தைத்த சோளிக்கு டார்ட் இல்லாவிட்டால் சண்டை பிடிக்கிறவர்கள், பின்னல் உடுப்பு மட்டும் தானாக உடம்போடு ஒட்டவேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறார்களோ தெரியாது.

எவ்வளவு தளர்வு வேண்டும் என்பது எங்கே போடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கொழும்பில் வெறும் உடம்பில் போடுகிற பருத்தி ரொப்புக்கு உடம்பளவுக்கு மேல் 0 முதல் 5 செ.மீ. போதும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிருக்குச் சட்டைக்கு மேல் போடுவதற்கு 8 முதல் 12 செ.மீ. வையுங்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிற அக்காவுக்குப் பின்னுவதென்றால் "மீடியம்" என்ற சொல்லை நம்பவே வேண்டாம். அவருக்கு நன்றாகப் பிடித்த சுவெற்றரைக் கட்டிலில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மற்ற அக்குள் வரை, தோள் உச்சியிலிருந்து விளிம்பு வரை, கையின் மேற்பகுதி அகலம் என்று மூன்று அளவை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். முதலாவதை இரட்டித்தால் உடுப்பின் சுற்றளவு.

முடிந்த உடுப்பு சரிவரவில்லை என்றால் உடனே பிரிக்கவேண்டாம். ஒருமுறை தோய்த்து, தட்டையாகக் காயவைத்து, வீட்டில் இரண்டு மணித்தியாலம் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். பிறகு முன், பின், பக்கம் என மூன்று படம். கண்ணாடியில் "ஒரு மாதிரி இருக்கு" என்று தோன்றியது, படத்தில் "பின்கழுத்து 4 செ.மீ. அகலம் கூட" என்று ஒரு எண்ணாக மாறும்.

பின்கழுத்து அகலமானது திருத்தக்கூடியவற்றில் சுலபமானது. உடுப்பை உட்புறம் திருப்பி, ஒரு தோள் தையலில் தொடங்கி, பின்கழுத்து வழியாக மற்றத் தோள் வரை, பின்னிய ஊசியைவிடச் சற்று மெல்லிய குரோஷே ஊசியால் சங்கிலிக் கண்ணி போட்டு வாருங்கள். கழுத்துக் கண்ணி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஏழெட்டுக் கண்ணி போனதும் நிறுத்தி, துணி அளவோடு சுருங்குகிறதா என்று பாருங்கள். கூடச் சுருங்கினால் கோலிக்கொள்ளும். பிரித்துத் தளர்வாகப் போடுங்கள். பாரமான பருத்தி உடுப்புக்கு இது போதாது. 6 மி.மீ. அகலப் பருத்தி நாடாவைத் தோள் தையலின் உட்பக்கமாக வைத்துக் கையால் தைத்துவிடுங்கள். நாடாவை முதலில் தோய்த்துச் சுருங்கவைக்க மறந்தால், அடுத்த தோய்ப்பில் தோள் சுருக்கம் விழும். இந்த நாடாவைப் புறக்கோட்டையில் தையல் சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

நீளம் பிழைத்தால் பலர் கைகழுவி விடுகிறார்கள், தேவையே இல்லை. மேலிருந்து கீழாகப் பின்னியதென்றால் விளிம்பைக் கழற்றிக் கூட்டலாம், குறைக்கலாம். கீழிருந்து மேலாகப் பின்னியதை விளிம்பிலிருந்து அப்படிக் கழற்ற முடியாது, வெட்டவேண்டும். பயப்படாமல் செய்வதற்கு முறை உண்டு. றிப் விளிம்புக்கு (இழுபட்டுச் சுருங்கும் வரிவரியான விளிம்புப் பின்னல்) மேலே ஒரே வரிசையில், ஒவ்வொரு கண்ணியின் வலது காலையும் (V வடிவின் வலப்பக்க இழை) இரண்டு சைஸ் மெல்லிய வட்ட ஊசியில் எடுத்துக்கொண்டு சுற்றிவாருங்கள். ஒரு கண்ணிகூடக் கீழ் வரிசைக்கு நழுவவில்லை என்று வெளிச்சத்தில் இரண்டு தரம் பாருங்கள். அதற்கு இரண்டு வரிசை கீழே, பக்கத் தையலுக்கு அருகில் ஒரே ஒரு கண்ணியை வெட்டி, அந்த நூலை ஊசி முனையால் கண்ணி கண்ணியாக உருவுங்கள். கீழ்த்துண்டு கையோடு வந்துவிடும். மேல் கண்ணிகள் ஊசியில் பத்திரமாக இருக்கும். அங்கிருந்து கீழ்நோக்கி வேண்டிய அளவு பின்னி, ஊசியை இரண்டு சைஸ் குறைத்து றிப்பைப் போடுங்கள். திசை மாறுவதால் கண்ணிகள் அரைக் கண்ணி தள்ளி விழும். வெறும் நேர்ப்பின்னலில் (முன்பக்கம் முழுவதும் V வடிவமாகத் தெரிகிற சாதாரணப் பின்னல்) கண்ணுக்குத் தெரியாது. லேஸிலும் றிப்பிலும் நன்றாகவே தெரியும், ஆகவே அவற்றை நடுவில் வெட்டவேண்டாம்.

கழுத்து தலைக்குள் போகவில்லை என்றால் கடைசி வரிசையை மட்டும் அவிழ்த்து, ஒரு சைஸ் பெரிய ஊசியால் தளர்வாக முடித்தாலே பெரும்பாலும் தீரும். விளிம்பு சுருண்டுகொள்வது அயனால் தீராது. நேர்ப்பின்னலின் இரு முகமும் ஒன்றல்ல, அதனால் அது சுருளத்தான் செய்யும், றிப் போட்டுத்தான் ஆகவேண்டும். பக்கங்களில் 3, 4 செ.மீ. அகலம் கூட என்றால் தையலை உள்ளே எடுக்கலாம். அதற்கு மேல் என்றால் தையல் புடைத்துத் தெரியும்.

திருத்த முடியாதவையும் உண்டு. கைக்குழி ஆழம் பிழைத்தது, மேல்கை இறுக்கம், முழு உடுப்பும் 10 செ.மீ. பெரிது: இவற்றோடு மாரடிக்காமல் பிரியுங்கள். மொஹேயர் போன்ற மயிர் நூலைப் பிரிப்பது பிரிக்காமல் இருப்பதைவிடக் கொடுமை; அளவான ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

பிரித்த நூலை உருண்டையாகச் சுற்றி உடனே மறுபடி பின்னுவதுதான் இரண்டாம் முறையும் பிழைப்பதற்கான வழி. நெளிந்த நூல் தன் நெளிவோடு கண்ணியின் அளவையும் மாற்றிவிடும். கதிரை முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, கசக்காமல் துவாயில் சுருட்டிப் பிழிந்து காயப்போடுங்கள். மே தொடக்கம் செப்ரெம்பர் வரையும், ஒக்ரோபர், நவம்பர் மழையிலும் கொழும்பில் ஒரு நாளில் காயும் என்று நம்ப முடியாது. பாயில் துவாய் விரித்து, ஃபேனுக்குக் கீழே, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப்போட்டு இரண்டு நாள் விடவேண்டும். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணமும் மணமும் பிடித்துக்கொள்ளும். முடிந்த உடுப்பையும் இப்படியே காயவையுங்கள், கொடியில் போடவேண்டாம். அலுமாரியில் ஹாங்கரில் மாட்டாமல் மடித்து வையுங்கள்.

காய்ந்த நூலில் புதிதாக ஒரு மாதிரித் துண்டு போடுங்கள். பழைய துண்டின் எண்ணையே திரும்பப் பாவிக்கவேண்டாம், தோய்ந்த நூல் வேறு நூல். ஒரு துண்டுக் காகிதத்தில் ஊசி அளவு, கண்ணி, வரிசை, தோய்த்த முறை, நூல் லேபலில் உள்ள சாய இலக்கம் (ஒரே தடவையில் சாயமிட்ட தொகுதியின் எண்) எல்லாவற்றையும் எழுதித் துண்டோடு குத்திவையுங்கள். புது நூல் வாங்குகிறவர்கள் அதே சாய இலக்கத்தில் ஒரு உருண்டை கூடவே எடுத்துவிடுங்கள். திரும்பிப் போகும்போது கடையில் அந்த நிறம் இருக்கும், அந்த இலக்கம் இருக்காது.