டிக்கெட்டைப் பார்த்து மணிக்கணக்கு போடாதீர்கள்

இந்த விடுமுறையிலும் ஒரு அம்மா வீங்கிய காலோடு கிளினிக்கிற்கு வந்தார். லண்டனில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர், இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர். போகும் முன் ஏன் வந்து காட்டவில்லை என்று கேட்டால், "ஒரு ராத்திரி தூக்கந்தானே டாக்டர், ஆறரை மணி நேரம்" என்கிறார். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் கிளினிக்கில் இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அந்த ஆறரை எங்கிருந்து வருகிறது? கோலாலம்பூரில் இரவு 11.30க்குப் புறப்பாடு, லண்டனில் காலை 6.00க்கு இறங்குவது என்று டிக்கெட்டில் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுகிறார்கள். முதலாவது நம் ஊர் நேரம், இரண்டாவது லண்டன் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு 8 மணி நேரம் பின்னால், கோடையில் 7. குளிர்காலத்தில் அங்கே காலை 6 என்றால் இங்கே பிற்பகல் 2. ஆக, விமானத்தில் இருந்தது பதினான்கரை மணி நேரம். தூரத்தைப் பாருங்கள், சுமார் 10,600 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போனாலும் ஆறரை மணியில் பாதித் தூரம்தான் தாண்டும். சென்னைக்கும் இதே குழப்பம். பத்து மணிக்கு ஏறிப் பதினொன்றரைக்கு இறங்கினால் ஒன்றரை மணி நேரமாம்! இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். உண்மையில் பறப்பது 4 மணி நேரம். திரும்பும்போது ஆறரை என்று கணக்கு வந்ததும் எதிர்க்காற்று என்கிறார்கள். காற்றால் கொஞ்சம் கூடும், குறையும். ஐந்து மணி நேர வித்தியாசம் வராது.

அப்புறம், பயணம் விமானத்திலா தொடங்குகிறது? சாயங்காலம் 4 மணிக்கே வேனில் ஏறி, பிளஸ் நெடுஞ்சாலையில் சிப்பாங் விமான நிலையம் வரை காலைத் தொங்கப்போட்டபடி வருகிறோம். அங்கே வரிசை, காத்திருப்பு. லண்டனில் மகள் வீட்டு வாசலை மிதிக்கும்போது முழுசாக ஒரு நாள் கழிந்திருக்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. வேன், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஆரோக்கியமானவர்களுக்கு இது அரிதுதான். வயதானவர்கள், உடல் பருத்தவர்கள், அண்மையில் ஆபரேஷன் செய்தவர்கள், கர்ப்பிணிகள் அலட்சியம் செய்யக் கூடாது.

நெடுஞ்சாலையில் வரும் தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி நடங்கள். விமானத்தில் நடைபாதை ஓரம் இடம் கேளுங்கள், எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். ஆஸ்பிரினை நீங்களாக விழுங்க வேண்டாம்.

இன்சுலின் போடுபவர்களே, தயவுசெய்து அதைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் உறைந்து வீணாகலாம். மேற்கே லண்டனுக்குப் போகையில் உங்கள் நாள் 7, 8 மணி நேரம் நீளும், ஊசி நேரமும் மாறும். இரண்டு வாரம் முன்னதாகவே டிக்கெட்டோடு வாருங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம். இறங்கும் வரை கைக்கடிகாரம் மலேசிய நேரத்திலேயே இருக்கட்டும்.

ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்கால் வலித்தால் அன்றே வந்து காட்டுங்கள். எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ என் கிளினிக்கிற்கு வர வேண்டாம். நேரே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.