ஸ்கோரில் தமிழ் எழுத்து உடைந்தால் யாரிடம் சொல்வது?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துக் கொயர்களுக்கு நான்கு குரல் ஸ்கோர், அதாவது பாட்டு வரியோடு சேர்ந்த இசைக்குறிப்பு, கணினியில் அடித்துக் கொடுப்பது என் தொழில். கிறிஸ்துமஸ் நெருங்கினால் வேலையோடு ஒரு புகாரும் வரும்: "மியூஸ்ஸ்கோர்ல தமிழ் ஒடைஞ்சி வருதுணா." வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டால், இல்லை என்பார்கள். என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மியூஸ்ஸ்கோர் 2002-இல் வெர்னர் ஷ்வேர் தொடங்கிய, ஸ்கோர் எழுதும் திறமூல மென்பொருள்; அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். இன்று அதற்குச் சம்பளம் வாங்கும் குழுவும் உண்டு. ஆனாலும் நிரல் திருத்தம், சோதனை, மொழிபெயர்ப்பு எல்லாவற்றிலும் தன்னார்வலர்களின் உழைப்பு இருக்கிறது. 1996-இல் தொடங்கிய லிலிபாண்ட் என்ற இன்னொரு ஸ்கோர் மென்பொருளோ பெரும்பாலும் அவர்களை நம்பித்தான் ஓடுகிறது. ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரியில் உட்கார்ந்து திருத்துகிறவர்கள். அவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறி நின்றால் நமக்கு உடனே கண்ணை உறுத்தும். அவர்களுக்கு அதுவும் ஓர் எழுத்துதான். நாம் சொல்லாதவரை அங்கே பிழையே இல்லை.

ஆனால் சொல்வதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். என்னிடம் வரும் புகார்களில் நிறைய, மென்பொருளின் தவறே அல்ல. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வரியை அப்படியே ஒட்டியிருப்பார்கள். ஆங்கில எழுத்தாகக் கொட்டும். இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றினால் தீர்ந்தது. யூனிகோடிலும் உடைகிறதா? அதே வரியை அதே எழுத்துருவில், கடிதம் அடிக்கும் மென்பொருளான லிப்ரே ஆபீஸில் அடித்துப் பாருங்கள். அங்கும் உடைந்தால் எழுத்துருவைச் சந்தேகப்படுங்கள். அங்கே ஒழுங்காக வந்து ஸ்கோரில் மட்டும் உடைந்தால், அதைக் கிட்ஹப்பில், மியூஸ்ஸ்கோரின் நிரலும் பிழைப் புகார்களும் இருக்கும் இணையதளத்தில், எழுதலாம்.

முழுப் பாட்டையும் அனுப்பாதீர்கள். பிழை தெரிகிற இரண்டு பார் (ஸ்கோரில் இரு கோடுகளுக்கு நடுவிலுள்ள பகுதி) போதும். அப்புறம், அந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் மாஸ்டர் இன்னும் அரங்கேற்றாத பாட்டு அங்கே கிடக்க வேண்டாம். மியூஸ்ஸ்கோர் பதிப்பு எண், விண்டோஸா லினக்ஸா, எழுத்துருவின் பெயர், எந்தச் சாவியை அடித்தபோது உடைந்தது என்பதை எழுதுங்கள். இலக்கணச் சுத்தமான ஆங்கிலம் தேவையில்லை. கட்டாயம் வேண்டியது இரண்டு படங்கள்: உடைந்த எழுத்து ஒன்று, சரியான எழுத்து ஒன்று. தமிழ் தெரியாத ஒருவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வேலை செய்யப்போகிறார். "தமிழ் வரவில்லை, சீக்கிரம் சரி செய்யவும்" என்று மட்டும் எழுதினால், அவர் எங்கிருந்து தொடங்குவார்?

எழுதிவிட்டு மறந்துவிடுவதுதான் நம்மவர்களிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம். அவர்கள் திருப்பி ஒரு கேள்வி கேட்பார்கள்; சில சமயம் சோதனைப் பதிப்பைக் கொடுத்து முயன்று பார்க்கச் சொல்வார்கள். பதில் வராத புகாரை மூடிவிடுவதும் உண்டு, அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். மியூஸ்ஸ்கோர் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழியில், க்யூட்டி என்ற நிரல் கட்டமைப்பைக் கொண்டு எழுதப்பட்டது. காட்பாடியில் வி.ஐ.டி. பல்கலைக்கழகம் இருக்கும்போது, நம் டெனர் வரிசையில் அது தெரிந்த பையன் ஒருவனாவது நிற்பான். அடுத்த ரிகர்சலில் கேட்டுப் பாருங்கள்.