ஸ்டோக்கர்: தமிழில் உலையூட்டுநர்

நீராவிக் கப்பலின் அடிவயிற்றில் நின்றுகொண்டு கொதிகலன் உலைகளுக்கு ஓயாமல் நிலக்கரி அள்ளிப் போடுகிறவர்தான் ஸ்டோக்கர். நெருப்புக்கு இரை போடுவதைக் குறிக்கும் ‘ஸ்டோக்கன்’ என்ற டச்சு வினையிலிருந்து வந்த பெயர், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ‘ஸ்டோக்’ என்ற ஆங்கில வினையே இந்தப் பெயரிலிருந்து பிறகு உண்டானதுதான்.

தமிழில் ‘தீ மூட்டுபவர்’ என்று எழுதினால் பொருந்தாது. மூட்டுவது ஒரு தடவையோடு முடிந்துவிடும், இவர் வேலை அப்படியா? கரியை உலை முழுக்க ஒரே கனத்தில் பரப்ப வேண்டும், நீளக் கம்பியால் கிளற வேண்டும், இறுகிப்போன கசடை உடைத்து வெளியே இழுக்க வேண்டும், அதற்குள் அடுத்த உலை பசித்துக் கிடக்கும். டைட்டானிக்கில் 29 கொதிகலன்கள், 159 உலைகள், நாளொன்றுக்கு 600 டன்னுக்கு மேல் கரி, அத்தனையும் கையால் அள்ளிப் போட்டது! அதனால் ‘உலையூட்டுநர்’ என்பதே சரி என்பேன்.

இவருக்குக் கரியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுபவர் ட்ரிம்மர். கிடங்கில் கரி ஒரு பக்கமாகக் குறைந்தால் கப்பல் சாயும், அதை நிரவி வைப்பதும் இவர் பொறுப்பு. ‘கரி நிரவுநர்’ எனலாம். பிரிட்டிஷ் கப்பல்களில் இந்த வேலைகளைச் செய்த லாஸ்கர் எனப்பட்ட இந்தியக் கப்பல் தொழிலாளர்களுக்கு ஆக்வாலா, கோய்லாவாலா என்று தனிப்பெயர்களே இருந்தன.

கப்பலில் ஓட்டை விழுந்தால் முதலில் தண்ணீர் புகுவது பெரும்பாலும் இவர்கள் நிற்கும் இடத்தில்தான். அப்படியும் ஒருவர் திரும்பத் திரும்பத் தப்பினார். சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த ஆர்தர் ஜான் பிரீஸ்ட், 1911இல் ஒலிம்பிக் என்ற பயணிகள் கப்பல் ஹாக் என்ற போர்க்கப்பலோடு மோதியபோது அதில் இருந்தார், 1912இல் டைட்டானிக், 1916இல் ஆல்கன்டாரா, அதே ஆண்டு பிரிட்டானிக், 1917இல் டோனிகல் என்று நான்கு கப்பல்கள் மூழ்கியும் பிழைத்து, கடைசியில் 1937இல் சொந்த ஊரிலேயே இறந்தார். டைட்டானிக்கில் கடலைக் கண்காணிக்கும் வேலையில் இருந்து, அதிலிருந்து தப்பிய ஆர்ச்சி ஜூவல் டோனிகல் மூழ்கியபோது இறந்துவிட்டார்.

டைட்டானிக் ஊழியர் பட்டியலில் பிரீஸ்ட்டின் வேலை ‘ஃபயர்மேன்’ என்றுதான் இருக்கும். அவசரத்தில் அதைத் ‘தீயணைப்பு வீரர்’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், அவர் செய்தது அதற்கு நேர் எதிரான வேலை.