டம்ளர் தண்ணீரில் வேர் எங்கிருந்து வருகிறது?

புதினாக் கட்டில் இலையை ஆய்ந்தபின் மிஞ்சும் தண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தால் வாரம் பத்து நாளில் வேர் விட்டுவிடும். பக்கத்திலேயே இன்னொரு டம்ளரில் மாமரத்துக் குச்சி ஒன்றை வைத்துப் பாருங்கள். இலை வதங்கும், அடி கறுக்கும், தண்ணீர் நாறும். வேர் மட்டும் வராது. இரண்டுக்கும் ஒரே குழாய்த் தண்ணீர்தான். நர்சரியில் விற்கும் ரூட்டிங் ஹார்மோன் பவுடரைப் புதினாவுக்கு யாரும் தடவவும் இல்லை.

ஹார்மோன் இல்லாமல் வேர் விட வைத்தேன் என்று நாம் சொல்லும்போது, கடையில் வாங்கிய ஹார்மோன் இல்லாமல் என்றுதான் அர்த்தம். வெட்டிய தண்டு தனக்கு வேண்டிய ஹார்மோனைத் தானே தயாரித்துக்கொள்கிறது. தண்ணீர் முக்கியமாகச் செய்வது ஒரே வேலை: வேர் வரும்வரை தண்டைக் காய்ந்துபோகாமல் காப்பது. தண்ணீர் முறையில் எது பலிக்கும், எது பலிக்காது என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்தே புரிந்துவிடும்.

1878-இல் ஹெர்மன் ஃபோக்டிங் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் வில்லோ மரக்கிளைகளைத் துண்டுகளாக வெட்டி, ஈரக் காற்றுள்ள இடத்தில் தொங்கவிட்டார். சில துண்டுகளை நேராகவும் சிலவற்றைத் தலைகீழாகவும் கட்டினார். தலைகீழாகத் தொங்கிய துண்டுகளிலும், மரத்தில் இருந்தபோது எது கீழ்முனையோ அந்த முனையில்தான் வேர்கள் திரண்டு வந்தன. இப்போது அது மேலே பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்பதைவிட, தன் மேல் எது கீழ் எது என்ற கணக்குத்தான் தண்டுக்குப் பெரிதாக இருந்தது. குச்சியை நடும்போது தலைகீழாக நடாதே என்று தோட்டக்காரர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

அந்தக் கணக்கை வைத்திருப்பது எது? 1880 வாக்கில் யூலியஸ் சாக்ஸ் என்ற இன்னொரு ஜெர்மன் தாவரவியலாளர், இலையில் உண்டாகிக் கீழே இறங்கும் ஒரு வேர்ப்பொருள் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1920-களின் பிற்பகுதியில் நெதர்லாந்தில் ஃப்ரிட்ஸ் வென்ட் ஓட்ஸ் நாற்றுகளின் நுனியிலிருந்து வளர்ச்சியைத் தூண்டும் ஒரு பொருளை ஜெல்லித் துண்டில் இறக்கிக் காட்டினார். அதுதான் ஆக்சின். ஆக்சின்களில் முக்கியமான இண்டோல் அசிட்டிக் அமிலத்தை 1934-இல் ஃப்ரிட்ஸ் கோகிலின் குழு பிரித்தெடுத்தது செடியிலிருந்து அல்ல, மனிதச் சிறுநீரிலிருந்து. (இதைப் படித்துவிட்டு யாரும் பரிசோதனையில் இறங்க வேண்டாம், அதிலுள்ள உப்பும் யூரியாவும் வெட்டுவாயைக் கருக்கிவிடும்.) நீளமாக வளரச் செய்யும் இந்தப் பொருளே வேரையும் வரவழைக்கிறது என்பது அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உறுதியானது. இன்று கடைப் பவுடர்களில் பெரும்பாலும் இருப்பது இதன் நெருங்கிய உறவான இண்டோல் பியூட்டிரிக் அமிலம்.

ஆக்சின் முக்கியமாகக் கொழுந்திலும் இளம் இலைகளிலும் உண்டாகிறது. அங்கிருந்து தண்டு வழியாகக் கீழே போகிறது. சொட்டுச் சொட்டாக வழிந்து இறங்குவதில்லை. ஒவ்வொரு செல்லும் தன் மேல்பக்கத்தில் வாங்கி, கீழ்ப்பக்கத்திலுள்ள புரத வாசல்கள் வழியாக அடுத்த செல்லுக்குத் தள்ளுகிறது. வேகம் மணிக்கு ஏறத்தாழ 1 செ.மீ. முழுச் செடியில் இது வேர்வரை போய்ச் சேரும். தண்டை வெட்டிவிட்டால் வழி அங்கேயே முடிந்துவிடுகிறது. மேலிருந்து வருவது நிற்காமல் வர, லெவல் கிராசிங்கில் கேட் போட்டதும் வண்டிகள் சேர்வதுபோல, வெட்டுவாய்க்குச் சற்று மேலே ஆக்சின் குவிகிறது. வாசல்கள் கீழ்ப்பக்கத்தில் மட்டுமே இருப்பதால், தண்டைத் தலைகீழாக்கினாலும் குவியும் முனை மாறாது. ஃபோக்டிங்கின் குச்சிகள் ஏமாறாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

வெட்டுக்காயமும் சும்மா இருப்பதில்லை. வெட்டுப்பட்ட சிறிது நேரத்திலேயே அங்கே ஜாஸ்மோனிக் அமிலம் ஏறுகிறது. புழு கடித்தாலும் கத்தி பட்டாலும் செடி எழுப்பும் அபாயக் குரல் இது. இந்தக் குடும்பத்துச் சேர்மம் ஒன்றை முதன்முதலில் 1962-இல் பிரித்தது நம் ஜாதிமல்லியின் பூ எண்ணெயிலிருந்துதான். காயத்தின் செய்தியும் ஆக்சின் குவியலும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது, உணவு கடத்தும் குழாய்களை ஒட்டிய சில செல்கள் தாங்கள் இதுவரை பார்த்துவந்த வேலையைக் கைவிட்டு, ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகத் தொடங்குகின்றன. சில நாளில் அது ஒரு சிறு கூம்பாகிறது. அந்தக் கூம்புதான் வேரின் முளை.

கிளையும் இலையும் தண்டின் மேற்பரப்பில் தோன்றுபவை. வேர் அப்படியல்ல. எப்போதும் உள்ளிருந்துதான் புறப்படும். வெளியே இருக்கும் திசுவைக் கிழித்துக்கொண்டுதான் வரும். வேர்விட்ட புதினாத் தண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒவ்வொரு வேரின் அடியிலும் தோல் உதடுபோல் மெல்லியதாகப் பிளந்திருப்பது தெரியும். அடிமுனையில் வெள்ளையாகப் பொரிபொரியாக ஒரு கட்டி வந்தால் அது வேர் இல்லை. காயத்தை மூடும் காலஸ் திசு. அதைப் பார்த்துவிட்டு, ‘வந்துவிட்டது’ என்று மண்ணுக்கு மாற்றுபவர்கள் பலர். காலஸ் வந்து வேரே வராமல் போவதும் உண்டு. காலஸ் இல்லாமலே வேர் வருவதும் உண்டு.

சில செடிகள் இந்த வேலையில் பாதியை முன்கூட்டியே முடித்து வைத்திருக்கும். கரும்பின் கணுவில் வளையமாக ஓடும் புள்ளிகளைப் பொங்கல் கரும்பு கடித்த எல்லோரும் பார்த்திருப்போம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வேர் முளை, ஈரத்துக்காகக் காத்திருப்பது. மணி பிளாண்ட் கொடியில் கணுவுக்குப் பக்கத்தில் பழுப்பாகத் துருத்தி நிற்கும் குமிழும் அதேதான். இவை தண்ணீர் பட்டால் புதிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை, நீண்டாலே போதும். அதனால்தான் மணி பிளாண்டைக் கணு இல்லாமல் வெறும் இலைக்காம்போடு கிள்ளி வைத்தால், இலை மாதக்கணக்கில் பச்சையாக இருந்து, வேர் விட்டாலும்கூடக் கொடியாக மாறாது. கணுவில் இருக்கும் மொட்டு அதில் இல்லையே. பசிபிக்கில் உள்ள மூரேயா தீவுதான் மணி பிளாண்டின் சொந்த ஊர். பூக்கத் தேவையான ஜிப்பரெல்லின் ஹார்மோன் இதில் போதுமான அளவு உண்டாவதில்லை என்று 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. பூவில்லை, விதையில்லை. ஜன்னல் ஜன்னலாகப் படர்ந்திருப்பதெல்லாம் துண்டு வெட்டி, துண்டு வெட்டி வந்த ஒரே வம்சம்.

ஆக்சின் மேலிருந்து வருகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம், பச்சைப்பயறு போதும். ஆய்வுக்கூடங்களிலும் வேர்விடுதலைச் சோதிக்க நெடுங்காலமாகப் பயன்படும் செடி அது. பயறை முளைக்கவைத்து, தண்டு விரல் நீளம் வளர்ந்து முதல் இலைகள் விரிந்ததும் வேர்ப்பகுதியை முழுக்க வெட்டி எடுத்துவிடுங்கள். பாதி நாற்றுகளை இலையோடும் கொழுந்தோடும் தண்ணீரில் நிறுத்துங்கள். மீதிப் பாதியில் கொழுந்தையும் இலைகளையும் கிள்ளிவிட்டு, வெறும் தண்டாக இன்னொரு டம்ளரில் வையுங்கள். சில நாளில் முதல் டம்ளரில் தண்டின் தோல் வரிவரியாகப் புடைத்து வேர்கள் வெளியே வரும். மற்றதில் வந்தால் ஒன்றிரண்டு, வராமலும் போகலாம்.

இலையை எவ்வளவு விட்டுவைப்பது என்ற குழப்பத்துக்கும் இதில் விடை இருக்கிறது. எல்லா இலையையும் உருவிவிட்டால் ஆக்சினும் சர்க்கரையும் வரும் வழி அடைபடும். எல்லாவற்றையும் விட்டுவைத்தால், வேர் இல்லாத தண்டு உறிஞ்சுவதைவிட இலை வழியே ஆவியாவது அதிகமாகி வதங்கிவிடும். நுனியோடு இரண்டு மூன்று இலை. பெரிய இலையானால் பாதியாகக் கத்தரித்து விடலாம். தண்ணீருக்குள் மூழ்கும் இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. முதலில் அழுகுவது அதுதான்.

தண்ணீர் வெறும் காவல்காரன்தானா என்றால், ஒரு உதவியும் செய்கிறது. காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு எல்லாச் செடித் திசுவிலும் கொஞ்சம் உண்டாகிக்கொண்டே இருக்கும். காற்றில் அது பறந்துவிடும். தண்ணீரில் மூழ்கிய தண்டிலிருந்து எளிதில் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கும். வெள்ளத்தில் மூழ்கும் நெல்லின் கணுக்களில் இந்த எத்திலீன் தேங்கி, வேர் முளைக்கு மேலே மூடியிருக்கும் தோல் செல்களைச் சாகடித்து, வேருக்கு வழி திறந்துவிடுகிறது. தக்காளித் தண்டு வெள்ளத்தில் நின்றால் வேர் விடுவதிலும் எத்திலீனுக்குப் பங்கு உண்டு.

பதிலுக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்வது ஆக்சிஜனை. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது 8 மில்லிகிராம்தான். போதாததற்கு, ஆக்சிஜன் தண்ணீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. புதிதாகப் பிரியும் வேர்ச் செல்களுக்கோ மூச்சு நிறைய வேண்டும். தண்டிலிருந்து கசியும் சர்க்கரையைத் தின்று பெருகும் பாக்டீரியாவும் அதே ஆக்சிஜனுக்குப் போட்டி போடுகிறது, தண்டின் நீர்க்குழாய்களையும் அடைக்கிறது. சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த பாட்டிலில் தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் இன்னும் குறையும், பாக்டீரியா இன்னும் பெருகும். கோடையில் அழுகிப்போகும் குச்சிகளில் பெரும்பாலானவை ஹார்மோன் போதாமல் சாகவில்லை, மூச்சுமுட்டிச் சாகின்றன என்பது என் எண்ணம்.

ஆகவே தண்ணீர் முறையில் திறமை என்று ஒன்று இருந்தால் அது காற்று விஷயத்தில்தான். கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டுங்கள். மழுங்கின கத்தரி நசுக்கிவிடும். ஒன்றிரண்டு கணு மூழ்கினால் போதும், பாட்டில் நிறையத் தண்ணீர் வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், தண்டு வழவழப்பாக இருந்தால் கழுவிவிடுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். கண்ணாடிப் பாட்டிலில் பாசி படிந்தால் வெளியே ஒரு காகிதம் சுற்றினால் தீர்ந்தது. அரளியை இப்படி வைப்பவர்கள் அந்தத் தண்ணீரைக் குழந்தைக்கும் நாய் பூனைக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். அரளியின் எல்லாப் பாகமும் விஷம், அது நின்ற தண்ணீரும் அப்படியே.

தேன், பட்டைத்தூள், கற்றாழைச் சாறு, இளநீர் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தேன் கெட்டியாக இருக்கும்வரைதான் கிருமியைத் தடுக்கும். தண்ணீரில் கரைந்துவிட்டால் பாக்டீரியாவுக்கு விருந்து. பட்டைத்தூள் பூஞ்சையை ஓரளவு அடக்கலாம், வேரை வரவழைக்காது. இளநீர் கொஞ்சம் சுவாரசியமானது. அதில் ஆக்சினும் இருக்கிறது, சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோனும் இருக்கிறது. 1957-இல் ஸ்கூக், மில்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் புகையிலைத் திசுவில் காட்டியது இதுதான்: ஆக்சின் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் ஓங்கினால் துளிர். வேர் வேண்டிய இடத்தில் சைட்டோகைனினை ஊற்றுவது எதிர்வேலை. கூடவே சர்க்கரை வேறு. தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைக்கும் தேமோர் கரைசலை இலைமேல் தெளிப்பது வேறு கதை. வெட்டிய குச்சியை இளநீரில் ஊறவைக்க எனக்கு மனம் வராது, குடித்துவிடலாம்.

மாங்குச்சிக்குப் பவுடர் தடவினால் மட்டும் வேர் வந்துவிடுமா? பெரும்பாலும் வராது. முதிர்ந்த மரத்தின் செல்களுக்கு ஆக்சின் வந்து சேர்ந்தாலும் பேச்சைக் கேட்கும் பழக்கம் போய்விடுகிறது. பல மரங்களில் இளங்கன்றின் தண்டு எளிதாக வேர் விடும்; அதே மரம் காய்க்கும் வயதுக்கு வந்தபின் அதன் கிளை விடாது. மாவுக்கு ஒட்டுக்கட்டுவது அதனால்தான். முருங்கை இன்னொரு வகை. வேர்விடும் திறமை தாராளமாக உண்டு, ஆனால் அதன் மெத்தென்ற பருத்த தண்டு தண்ணீரில் அழுகிவிடும். போத்தாக மண்ணில் ஊன்றினால் பிழைக்கும். புதினா, பசலைக்கொடி, பொன்னாங்கண்ணி, துளசி, கற்பூரவல்லி, கோலியஸ் இவையெல்லாம் தண்ணீருக்கு நம்பகமானவை. செம்பருத்திக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

தண்ணீரில் வந்த வேர் தண்ணீருக்காகவே வளர்ந்தது. வெள்ளையாக, எளிதில் ஒடிவதாக இருக்கும். மண்துகள்களுக்கு நடுவே நீர் தேடும் வேர்த்தூவிகள் அதில் குறைவு. காற்று கடத்த உள்ளே இடைவெளிகள் அதிகமாக இருப்பதும் உண்டு. இதை ஒரு முழம் வளரவிட்டு மண்ணுக்கு மாற்றினால், இவ்வளவு வேர் இருந்தும் செடி தொங்கிப்போகும். வேர் இரண்டு அங்குலம் தாண்டுமுன் மாற்றிவிடுவது நல்லது. தேங்காய்நார்க் கழிவு கலந்த பொலபொலப்பான மண், முதல் வாரம் முழுக்க ஈரம், நிழல், சிறு செடியானால் மேலே கவிழ்த்த ஒரு பிளாஸ்டிக் பாட்டில். பழைய வேர்களில் சில செத்துப்போய், மண்ணுக்கேற்ற புதிய வேர்கள் மீதி வேர்களிலிருந்து கிளைக்கும். கொழுந்தில் புதிய இலை விரிந்த பிறகு பாட்டிலை எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்தலாம்.