கோலி சோடா: சொல் விளக்கம்

கழுத்துக்குள் கண்ணாடிக் குண்டு அடைபட்ட, தடித்த புட்டியில் வரும் வாயு ஏற்றிய நீர் கோலி சோடா. பேச்சு வழக்கில் வெறும் சோடா. பாகும் நிறமும் மணமும் சேர்ந்துவிட்டால் தமிழ்நாட்டில் அதன் பெயர் கலர்.

'கோலி' நேரான சொல். இந்தியிலும் உருதுவிலும் சிறு உருண்டைக்குக் கோலி என்று பெயர். மாத்திரைக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் அதே சொல்தான். நாம் விளையாட்டுக் குண்டுக்கு அதை எடுத்துக்கொண்டு, கூடவே நம் சொல்லையும் ஒட்டிக் கோலிக்குண்டு ஆக்கிவிட்டோம். வடக்கே இதே புட்டிக்கு பன்டா என்று பெயர்.

'சோடா'வின் கதை நீளமானது. அது முதலில் குடிக்கும் பொருளின் பெயரே அல்ல. உவர்நிலத்தில் வளரும் சில செடிகளை எரித்து எடுக்கும் சாம்பலுப்பின் பெயர். இடைக்கால லத்தீனில் சோடா என்ற வடிவம் கிடைக்கிறது. அத்தகைய செடியைக் குறித்த ஓர் அரபுச் சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது பலர் சொல்லும் விளக்கம். நம் கடலோரக் கழிகளில் முளைக்கும் உமரியும் அதே குடும்பத்துச் செடிதான். அந்தப் பழைய பொருள் சலவைச் சோடாவிலும் ஆப்ப சோடாவிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒன்று சோடியம் கார்பனேட், மற்றது சோடியம் பைகார்பனேட்.

ஐரோப்பாவில் மருந்தாகக் குடித்த ஊற்றுநீரைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோதுதான் இந்தப் பெயர் தண்ணீருக்கு வந்தது. 1767இல் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி, பீர் புளிக்கும் தொட்டிக்கு மேலே தேங்கி நிற்கும் வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். 1783இல் ஜெனிவாவில் யோகான் யாக்கோப் ஷ்வெப் அதை வணிகமாக்கினார். தொடக்கத்தில் இந்த நீரில் சோடா உப்பும் வாயுவும் சேர்ந்தே இருந்தன. பிறகு பெரும்பாலும் உப்பு கழன்றுவிட்டது, பெயர் நின்றுவிட்டது. இன்று கடைச் சோடாவில் பொங்குவது சிலிண்டரிலிருந்து ஏற்றிய கரியமில வாயு. 'ஆப்ப சோடா கரைத்த தண்ணீர்' என்று பலர் நம்புவது தவறு. சில கிளப் சோடாக்களில் மட்டும் சுவைக்காகச் சிறிது உப்பு சேர்ப்பதுண்டு.

கோலிப் புட்டி ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற வடிவம். அதற்கு முன் தக்கை வைத்து அடைத்தார்கள். தக்கை காய்ந்து சுருங்கினால் வாயு போய்விடும் என்பதால், புட்டியைப் படுக்கவைத்தே காக்க வேண்டியிருந்தது. காட் அடைப்பானைப் புட்டிக்கு உள்ளேயே வைத்து, அழுத்தும் வேலையை வாயுவிடமே விட்டார். வாய்ப்பகுதியின் உட்புறப் பள்ளத்தில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். தண்ணீர் நிரப்பிய புட்டியை இயந்திரத்தில் பொருத்தி, வாயுவை ஏற்றிக் கவிழ்த்தால் குண்டு வாய்க்கு உருண்டு வரும். உள்ளழுத்தம் அதை வாஷரோடு இறுக்கிவிடும். உடைக்கும்போது கட்டையால் குண்டை உள்ளே தள்ளுகிறோம். அது கழுத்தின் இடுக்கில் விழுந்து நிற்கும். ஊற்றும்போது கழுத்தின் இரண்டு பள்ளங்கள் கீழ்ப்பக்கம் இருக்குமாறு பிடிக்க வேண்டும். அப்போது குண்டு அவற்றில் தங்கிக்கொள்ளும். புட்டியைத் திருப்பிப் பிடித்தால் குண்டு உருண்டு வாயை அடைக்கும்.

சோடா 'சப்'பென்று போனால் முதலில் பார்க்க வேண்டியது வாஷர். ரப்பர் இறுகி வெடித்திருந்தால் வாயு மெல்லக் கசியும். குண்டில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் இதே கதி. புட்டியில் கீறல் இருந்தால் நிரப்பும்போதே வெடிக்கலாம். அதனால்தான் இயந்திரத்தைச் சுற்றிக் கூண்டு வைப்பார்கள். தண்ணீரின் சூடும் முக்கியம். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 25 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 1.5 கிராம் கரியமில வாயுவைக் கரைக்கும். 0 பாகையில் 3.3 கிராம் வரை பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் எவ்வளவு வாயு அடித்தாலும் காரம் ஏறாததற்கு இதுதான் காரணம்.

லெமன் சோடா கலப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. உப்பை எலுமிச்சைச் சாற்றில் முழுதாகக் கரைத்துவிட்டுப் பிறகு சோடாவை ஊற்றுங்கள். ஊற்றிய பிறகு உப்பைத் தூவினால், ஒவ்வொரு பரலின் மேலும் குமிழி பிறந்து, குடிப்பதற்கு முன்பே பாதி வாயு நுரையாகப் பறந்துவிடும்.

கலர் என்ற சொல்லை வளர்த்தவை உள்ளூர்த் தொழிற்கூடங்கள். 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் அவற்றில் பெரும்பெயர். அதன் பவண்டோ, திராட்சை மணமுள்ள கருஞ்சிவப்புக் கலர். 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தபோது கடைகளில் பலர் கேட்டு வாங்கியது அதைத்தான். ஈழத்தில் கலர் என்ற வழக்கு இல்லை. எல்லா இனிப்பு வகையும் சோடாதான். வீட்டுக்கு வந்தவரிடம் 'சோடா குடிக்கிறியளோ?' என்று கேட்டால் வருவது நெக்டோவாக இருக்கலாம், ஒரேஞ் பார்லியாகவும் இருக்கலாம்.

தமிழில் என்ன சொல்வது? 'காற்றூட்டிய நீர்' என்று அகராதி வழியில் எழுதுவோர் உண்டு. ஆங்கிலத்தில் ஏரேட்டட் வாட்டர் என்று இருந்ததன் மொழிபெயர்ப்பு அது. பிரீஸ்ட்லி காலத்தில் கரியமில வாயுவையும் ஒருவகைக் காற்று என்றே அழைத்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. இன்று காற்று என்றால் பெரும்பாலும் நைட்ரஜனும் ஆக்சிஜனும். அவை தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். அவற்றை அடித்து நிரப்பினால் சோடா வராது. 'எரிவாயு' இன்னும் மோசம். எரிவதை அணைக்கும் வாயுவுக்கு அந்தப் பெயர் பொருந்தவே பொருந்தாது. தொழில்நுட்ப எழுத்தில் 'கரியமில வாயு ஏற்றிய நீர்' என்பதே சரி; இலங்கைப் பாடநூல் வழக்கில் அந்த வாயு காபனீரொட்சைட்டு.

குளிர்பானம் நன்றாக ஊன்றிவிட்ட சொல். ஆனால் அது வாயு இல்லாத பழச்சாற்றையும் உள்ளடக்கும், ஆகவே சோடாவுக்கு மாற்று ஆகாது. மென்பானம் ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பு என்றாலும் இலங்கைச் செய்தித்தாள்களில் நிலைத்துவிட்டது. அங்கே அதை மாற்ற வேண்டியதில்லை. சோடாவையும் அப்படியே விடலாம் என்பது என் தீர்ப்பு: 'ஒரு சோடா' என்றால் கடைக்காரருக்குப் புரியாத ஊர் இல்லை. உட்பொருள் பட்டியலில் மட்டும் அந்தச் சொல்லைத் தனியே போடக் கூடாது. வாயுவா, சோடியம் பைகார்பனேட்டா என்று பிரித்து எழுத வேண்டும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட நோயாளிக்கு அந்த வேறுபாடு தேவை.