இலவச சர்க்கரை முகாமில் நாம் யாருக்காக உட்காருகிறோம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கக் கோயில்கள் சிலவற்றில் ஆடிக் கூழ் ஊற்றும்போதும் புரட்டாசி விரதத்தின்போதும் சர்க்கரை பார்க்க மேசை போடுகிறார்கள். பேனரும் சர்க்கரை பார்க்கும் கருவியும் ஒரு மருந்துக் கம்பெனியின் செலவு. டாக்டர்களும் என்னைப் போன்ற மருந்தாளுநர்களும் சம்பளம் வாங்காமல் உட்காருகிறோம். “காசே வாங்கலையே, இதில் என்ன தப்பு?” என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். நாம் காசு வாங்காததால்தான் ஜனங்கள் நம் பேச்சை நம்புகிறார்கள். கம்பெனிக்கு வேண்டியதும் அந்த நம்பிக்கைதான்.

இலவசமாகத் தரும் சர்க்கரைக் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத் துளியை வைத்துக் கருவியில் செருகும் ஸ்ட்ரிப், ஒரு கம்பெனியுடையது பொதுவாக இன்னொன்றின் கருவியில் வேலை செய்யாது. கருவி ஒரு தடவைதான் இலவசம், ஸ்ட்ரிப்புக்கு மாதாமாதம் ரேண்டை எண்ணி வைக்க வேண்டும். பென்ஷனில் காலம் தள்ளும் ஓர் அம்மா, “தினமும் குத்திப் பார்க்கணுமா தம்பி?” என்று கேட்கிறார். அவர் இன்சுலின் போடாதவர், சர்க்கரையைச் சட்டென்று தாழ்த்தும் மாத்திரையும் எடுக்காதவர் என்றால், பெரும்பாலும் வேண்டியதில்லை என்பதே நேர்மையான பதில். பிரிட்டனில் இன்சுலின் போடாத 453 பேரிடம் நடத்தி 2007-இல் வெளிவந்த டைஜெம் ஆய்வில், வீட்டிலேயே பார்த்துக்கொண்டவர்களின் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு) மற்றவர்களைவிடச் சொல்லும்படி குறையவில்லை. பேனருக்குக் கீழே உட்கார்ந்து இதைச் சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வாய் வரும்? சொல்லாதே என்று யாரும் தடுப்பதில்லை. நாமாகவே பேச்சை மாற்றிவிடுகிறோம். எனக்குப் பயம் தருவது அதுதான்.

மருந்துக் கடையில் அப்படி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. 1965-ஆம் வருட மருந்துச் சட்டத்தின் 22எஃப் பிரிவுப்படி, சீட்டோடு வருபவரிடம் அதற்கு ஈடான ஜெனரிக் மருந்தை, அதாவது அதே மூலப்பொருள் கொண்ட வேறு கம்பெனியின் மருந்தைப் பற்றி நாம் சொல்லியாக வேண்டும். கோயில் மண்டபத்துக்கு வந்தவருக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் குறைய வேண்டும்?

“கம்பெனி தரும் ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கா நான் மாறிவிடுவேன்?” என்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் ஏறக்குறைய 2,80,000 டாக்டர்களின் கணக்கை அலசி 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. மருந்துக் கம்பெனிகள் அவர்களுக்குத் தந்தவை பெரும்பாலும் 20 டாலருக்கும் குறைவான சாப்பாடுகள்தான். ஒரே ஒரு வேளை சாப்பிட்டவர்கள்கூட அந்தக் கம்பெனி மருந்தைக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் ‘நான் அப்படியில்லை’ என்ற உறுதியை அது அசைக்கிறது.

கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. வந்தவர்களின் பேர், போன் நம்பர், சர்க்கரை அளவு எல்லாம் எழுதுகிற நோட்டு எங்கே போகிறது? தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் நம் நாட்டின் போபியா சட்டத்தில் உடல்நிலைத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. அந்த நோட்டு கம்பெனி ஆள் கைக்குப் போகாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செலவை ஏற்றது யார் என்பதை வாசலிலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். சர்க்கரை பார்ப்பதும் மாத்திரையும் அரசு கிளினிக்கில் இலவசம் என்ற தாளையும் அதே மேசையில் வையுங்கள். இதற்குச் சம்மதிக்கிற கம்பெனியின் மேசையில் நான் சந்தோஷமாக உட்காருவேன்.