டிரம் எண்ணெயை எந்த அளவுக்கு நம்பலாம்?

பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் சம்பளம் போட்ட மறுநாள் பார்க்க வேண்டும். மினியாக் ஹித்தாம், அதாவது என்ஜின் எண்ணெய், மாற்றும் கடைகளின் முன்னால் மைவி, சாகா கார்களும் கப்சாய் மோட்டார் சைக்கிள்களும் வரிசையாக நிற்கும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், விலையும் கட்டுப்படியாகும். ஈப்போவுக்கு ஓட்டிக்கொண்டு போய் அரைநாள் காத்திருக்க வேண்டியதில்லை. கடையின் மூலையில் 200 லிட்டர் டிரம் ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், நுனியில் பெட்ரோல் பம்பில் இருப்பதுபோல ஒரு பிடி. போர்மேன் அதை என்ஜின் வாயில் செருகி அமுக்குவார். உள்ளே போவது டிரம்மின் மேல் எழுதியிருக்கும் எண்ணெய்தானா, அது நம் காருக்கு ஏற்றதா என்று பலருக்கும் மனத்துக்குள் ஒரு கேள்வி ஓடும். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் பதில் தெரிய வேண்டுமென்றால், எண்ணெய் என்ஜினுக்குள் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளைத் தாங்கும் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே வந்துவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதையும் எண்ணெய் தள்ளிவிட்டது. அழுத்தமானி வைத்துப் பார்த்தபோது, பேரிங் மேல் ஏற்றியிருந்த சராசரிச் சுமையைப்போல இருமடங்குக்கும் மேல் முள் ஏறியது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். சுழலும் அச்சு தன்னோடு ஒட்டிய எண்ணெயைக் குறுகிக்கொண்டே போகும் இடுக்குக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே அழுத்தம் எகிறி, அச்சையே மேலே தூக்கிவிடுகிறது. அச்சும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

இன்று உங்கள் காரின் கிராங்க் ஷாஃப்டும், அதாவது என்ஜினின் முதன்மைச் சுழல் அச்சும், அப்படித்தான் மிதக்கிறது. எண்ணெய்ப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அவ்வளவு மெல்லிய படலம் அறுந்துபோகாமல் நிற்பதை முடிவு செய்வது எண்ணெயின் பாகுத்தன்மை. போத்தலில் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-40 என்று அச்சிட்டிருப்பது அதைத்தான். முன்னால் இருக்கும் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைக் காட்டும். பின்னால் இருக்கும் எண் 100 டிகிரி செல்சியஸில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. 20 என்றால் 6.9-க்கும் 9.3-க்கும் இடையில், 50 என்றால் 16.3-க்கும் 21.9-க்கும் இடையில். பாகுத்தன்மையை அளக்கும் அலகான சென்டிஸ்டோக்ஸில் சொல்லும் கணக்கு இது. அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம்.

“நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி எண்ணெய்தான்ணே நல்லது” என்று சொல்லி எல்லாக் காருக்கும் 20டபிள்யூ-50 ஊற்றும் கடைகள் உண்டு. இதை நான் ஏற்கமாட்டேன். என்ஜினின் சூட்டை ஊர் வெயில் தீர்மானிப்பதில்லை. தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் தீர்மானிக்கின்றன. ஓடி முழுச் சூட்டுக்கு வந்த என்ஜினில் எண்ணெய் பேராக்கிலும் சரி, ஜப்பானிலும் சரி, ஏறத்தாழ 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். புதிய பெரோடுவா கார்களுக்கு 0டபிள்யூ-20 பரிந்துரைக்கிறார்கள் என்றால், பேரிங் இடைவெளியும் எண்ணெய்ப் பம்பும் அந்த அளவுக்கே அமைந்திருக்கின்றன. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு எண்ணெய் அழுத்தத்தால்தான் நகர்கிறது. சின்னச் சின்னத் துவாரங்கள் வழியாகக் கெட்டி எண்ணெய் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகத்தான் நகரும். தேய்ந்த, எண்ணெய் குடிக்கிற பழைய என்ஜின் என்றால் கதை வேறு. அங்கே கொஞ்சம் கெட்டியாகப் போடுவதில் நியாயம் இருக்கிறது.

என் பார்வையில் டிரம் எண்ணெயின் பெரிய குறை இதுதான். போலி எண்ணெயைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் நல்ல நிறுவனத்தின் நல்ல எண்ணெயாகவே இருந்தாலும், ஒரே டிரம்மிலிருந்து புது மைவிக்கும் இருபது வருட வீராவுக்கும் ஊற்றினால் இரண்டில் ஒன்றுக்காவது அது பொருந்தாது.

மோட்டாருக்கு இது இன்னும் கறாரான விஷயம். கப்சாயில் கிளட்ச் தட்டுகள் என்ஜின் எண்ணெயிலேயே நனைந்து கிடக்கின்றன. கார் எண்ணெயில் பெட்ரோல் மிச்சமாவதற்காக உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்த்திருக்கலாம். அது கிளட்சுக்குள் போனால் தட்டுகள் வழுக்கும். முறுக்கினால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. போத்தலில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற குறி இருந்தால் நனைந்த கிளட்சுக்கு ஏற்ற எண்ணெய். கார் டிரம்மிலிருந்தே மோட்டாருக்கும் பிடித்து ஊற்றினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, போலிக்கு வருவோம். என்ஜின் எண்ணெயில் பெரும்பங்கு அடிப்படை எண்ணெய். மீதி, சேர்க்கைப் பொருள்கள். உலோகங்கள் உரசும் இடத்தில் தான் தேய்ந்து உலோகத்தைக் காக்கும் படலமாகப் படியும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம், அமிலத்தை முறிக்கும் கால்சியம் சேர்மங்கள், கரியைத் துகள் துகளாகப் பிரித்து மிதக்கவைக்கும் பொருள்கள், நுரையை அடக்கும் சிலிக்கோன் என்று பட்டியல் நீளும். விலையில் கணிசமான பங்கு இதற்குத்தான். ஏமாற்றுபவர் மிச்சம் பிடிப்பதும் இங்கேதான். பழைய எண்ணெயை வடிகட்டிச் சாயம் போட்டாலும், வெறும் அடிப்படை எண்ணெயை அடைத்தாலும், பார்க்கப் பொன்னிறமாகத்தான் இருக்கும். விரலில் தேய்த்தாலும் வழவழப்பாகத்தான் இருக்கும். ஊற்றிய அன்று என்ஜின் எந்த வித்தியாசமும் காட்டாது. பாகுத்தன்மை மட்டும் இருந்தால் டவர் கண்ட அந்த மிதப்பு நடந்துவிடும். சேர்க்கைப் பொருள் இல்லாத குறை மாதங்கள் கழித்தே தெரியும். பிஸ்டன் வளையங்களில் கரி இறுகும், கேம் ஷாஃப்ட் தேயும், வால்வு மூடிக்குக் கீழே கறுப்புக் களி மாதிரி கசடு படியும். அப்போது எந்தக் கடையைப் போய்க் கேட்பது?

இங்கே ஒரு தப்பான எண்ணத்தையும் சரிசெய்ய வேண்டும். “போட்டு ஒரு மாசத்துலேயே கறுத்துப்போச்சு, எண்ணெய் மட்டம்” என்பார்கள். கரியை அள்ளித் தன்னோடு வைத்துக்கொள்ளும் எண்ணெய்தான் சீக்கிரம் கறுக்கும். பல மாதம் ஓடியும் தெளிவாகவே இருந்தால்தான், கரி எங்கே போய்ப் படிகிறது என்று யோசிக்க வேண்டும். நிறத்தை வைத்து நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் மட்டும் முடியும். ஒரு சிறு குப்பி எண்ணெயை எரித்து, எழும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் துத்தநாகம், பாஸ்பரஸ், கால்சியம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இரும்பு அதிகமிருந்தால் தேய்மானம். சிலிக்கன் அதிகமிருந்தால் பெரும்பாலும் மண்தூசி.

அந்தத் தூசி நமக்குச் சின்ன விஷயமில்லை. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் லோரி ஒன்று முன்னால் போனால் பின்னால் வரும் மோட்டார் முழுக்கத் தூசியைத்தான் மூச்சாக இழுக்கும். காற்று வடிகட்டி அடைத்தோ கிழிந்தோ இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எண்ணெயும் மணல்தாள் மாதிரி ஆகிவிடும். அப்புறம், லயத்திலிருந்து பள்ளிக்கும் பசாருக்கும் மட்டும் போய்வரும் குறுகிய ஓட்டம். எண்ணெய் முழுச் சூட்டை எட்டுவதற்குள் என்ஜினை நிறுத்திவிடுகிறோம்; உள்ளே சேர்ந்த நீராவியும் எரியாத பெட்ரோலும் வெளியேற வழியில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறம் வெள்ளையாகப் படிந்திருப்பது பலமுறை இதனால்தான். பெரோடுவா சொல்லும் 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம் என்ற கணக்கில், இப்படி ஓடும் கார்களுக்கு மாதக் கணக்கைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

எண்ணெயைக் கண்ணால் சோதிக்க முடியாது என்றால், கண்ணால் பார்க்க முடிகிறவற்றைப் பார்க்க வேண்டியதுதான். டிரம்மை விட்டுவிட்டு, மூடிய போத்தலைக் கேளுங்கள். “தம்பி, போத்தலை என் முன்னால தொறங்க” என்று சொன்னால் நேர்மையான போர்மேன் கோபித்துக்கொள்ள மாட்டார். மூடியின் வளையம் அறுபடாமல் இருக்கிறதா, பாகு எண் உங்கள் காரின் கையேட்டில் உள்ளதுதானா என்று பாருங்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வட்டக் குறிக்குள் இருக்கும் எழுத்துகளும் முக்கியம். ‘எஸ்பி’ 2020-இல் வந்த தரம். ‘எஸ்எஃப்’ என்று போட்டிருந்தால், 1988-க்குப் பிறகு செய்த பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களுக்கு அது ஏற்றதல்ல என்று அந்தக் கழகமே சொல்கிறது. ‘செமி சிந்தெட்டிக்’ (ஓரளவு செயற்கை எண்ணெய் கலந்தது) என்ற சொல்லுக்குள் எத்தனை சதவீதம் சிந்தெட்டிக் என்று எந்த வரையறையும் கிடையாது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கும் முன் தரக்குறியைப் பாருங்கள். மைவிக்கு மூன்று லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். 4 லிட்டர் போத்தலில் மிச்சம் இருப்பது உங்களுடையது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலிப் போத்தலையும் வீட்டுக்குக் கொண்டுவந்து முகப்பை வெட்டிவிட்டு எறிந்தால், அதில் வேறு எதையாவது நிரப்பி யாரும் விற்க முடியாது.

உண்மையில், அவசர வேலையில் கெட்டுப்போகும் என்ஜின்கள் பல, எண்ணெயால் கெடுவதில்லை. பழைய எண்ணெய் வடிகட்டியின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையங்களுக்கு நடுவே எண்ணெய் பீறிடும். எண்ணெயை வடிக்கும் அடி நட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் அலுமினிய மரை அறுந்துபோகும். அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயை அடித்து நுரையாக்கிவிடும். நுரையால் சுமை தாங்க முடியாது. அதனால் என்ஜினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். குனிந்து அடியில் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். கழற்றிய எண்ணெயை எங்கே ஊற்றுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். மலேசியாவில் அது 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டியலிட்ட அபாயக் கழிவு. அதைக் கால்வாயில் சாய்க்கும் கடையிடம் நான் என் காரைக் கொடுக்கமாட்டேன்.

கடைசியாக ரசீது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் டிரம் எண்ணெய் ஊற்றினாலும் அதன் பெயர், பாகு எண், தரம் மூன்றையும் ரசீதில் எழுத வேண்டும் என்று விதி உண்டு. இங்கேயும் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள், கார் எண்ணும் மீட்டர் அளவும் சேர்த்து. போலி என்று சந்தேகம் வந்தால் உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம். பொய் வணிக விவரத்துக்கு எதிராக 2011-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இழப்பீடு வேண்டுமென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. அங்கே முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.